ஆசிட் குழிகள் – 4: பள்ளிக்கூடத்து வாசலில் நுரை

முன்கதை: கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 50 மைல் தொலைவில் ஹுரூபா மலைகள். அதில் பைரைட் பள்ளத்தாக்கு. அங்கே ஜேம்ஸ் ஸ்டிரிங்ஃபெல்லோ என்பவருக்கு ஒரு கல்குவாரி இருந்தது. தொழிற்சாலைக் கழிவைக் கொட்ட இடம் தேடி அலைந்த மாநில அரசின் கண்ணில் 1955-ல் அது பட்டது. அடியில் நீர் புகாத பாறை. நிலத்தடி நீர் கிடையாது. பள்ளத்தாக்கின் வாயில் இருக்கும் 250 அடி இடைவெளியை ஒரு தடுப்பணை போட்டு அடைத்துவிட்டால் மாசு என்ற பேச்சுக்கே இடமில்லை. அரசுப் புவியியலாளர் இப்படி எழுதிக் கொடுத்தார். 1956 முதல் 1972 வரை 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கழிவு அங்கே போய்ச் சேர்ந்தது. மொத்தம் 3.4 கோடி கேலன். லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 13 கோடி. நிலத்தடி நீரில் மாசு தெரிந்ததும் 1972-ல் குழிகளை மூடினார்கள். மூடினார்கள் என்றால், புதிய லாரிகள் வருவது நின்றது. உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது.

இனி...

* * *

மூடிய குழிக்கு முதல் சில ஆண்டுகள் வானிலை ஒத்துழைத்தது.

1976, 1977 இரண்டும் கலிஃபோர்னியாவின் வரலாற்றில் இடம்பிடித்த வறட்சி ஆண்டுகள். அணைகள் வற்றின. புல்வெளிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கே கட்டுப்பாடு வந்தது. விவசாயிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், பைரைட் பள்ளத்தாக்கின் குழிகளுக்கு அந்த வெயில் வரப்பிரசாதம். திரவம் ஆவியானது. மட்டம் இறங்கியது. 17 ஏக்கர் பரப்பில் கிடந்த அந்தக் குட்டைகள் பார்வைக்குச் சாதுவாகத் தெரிந்தன.

சாதுவாகத் தெரிந்த ஒரு பிரச்சினையை அரசு அலுவலகங்கள் எப்படி நடத்தும் என்று சொல்லத் தேவையில்லை. ஆய்வு செய்தார்கள். கடிதம் எழுதினார்கள். 1975-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவை எடுத்து வெளியேற்றும் வேலையும் நடக்கத்தான் செய்தது. ஆனால் இந்த இடத்துக்கு யார் பொறுப்பு, யார் பணம் போடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லை. நிலம் ஸ்டிரிங்ஃபெல்லோ பெயரில். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அரசு. கழிவு கம்பெனிகளுடையது. மூன்று தரப்பும் மற்ற இருவரைக் கைகாட்ட வசதியான ஏற்பாடு.

இந்த நிலையில்தான் 1977-ன் இறுதியில் மழைக்காலம் தொடங்கியது.

* * *

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 15 அங்குல மழை பெய்யும். அந்தப் பருவத்தில் 33 அங்குலத்துக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. வறண்டு கிடந்த மலைச்சரிவுகளில் வெள்ளமும் சேறும் புரண்டு வந்தன. தெற்குக் கலிஃபோர்னியா முழுவதும் சாலைகள் துண்டிக்கப்பட்டன, வீடுகள் சரிந்தன.

பைரைட் பள்ளத்தாக்கில் என்ன ஆனது?

ஒரு பள்ளத்தாக்கு என்பதே சுற்றியுள்ள மலைகளில் விழும் மழையை ஒரே இடத்தில் கூட்டிச் சேர்க்கும் அமைப்பு. அந்த இடத்தில்தான் குழிகள் இருந்தன. வானிலிருந்து நேராக விழுந்த நீர், சரிவுகளில் வழிந்து வந்த நீர், பூமிக்கடியில் கசிந்து வந்த நீர் எல்லாம் அமிலக் குட்டைகளில் போய்க் கலந்தன. இரண்டு ஆண்டுகளாக இறங்கியிருந்த மட்டம் சில வாரங்களில் ஏறியது.

1955-ன் அறிக்கை எந்தெந்த இடத்தில் பிசகியது என்பதை இங்கே ஒருமுறை பார்த்துவிடலாம். பின்னாளில் நீதிமன்றத்தில் இதைத்தான் வரி வரியாகப் பிரித்து மேய்ந்தார்கள்.

நிலத்தடி நீர் இல்லை என்றார் புவியியலாளர். பள்ளத்தாக்கின் தரைக்கு 70 அடி கீழே நீரோட்டம் இருந்தது. பாறை நீர் புகாதது என்றார். அந்தக் கருங்கல்லில் எங்கு பார்த்தாலும் விரிசல்; மேல்பகுதி உளுத்து உதிர்ந்து கிடந்தது. குட்டைகளுக்கு அடியில் களிமண் பூச்சோ, தார்ப்பாயோ, எதுவும் விரிக்கவில்லை. பாறை தாங்கும் என்ற நம்பிக்கை ஒன்றே அடித்தளம். விரிசல் விட்ட பாறையில் அமிலத்தை ஊற்றினால் அது விரிசலைத் தேடிப் போகும். போகிற வழியில் பாறையிலிருக்கும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு போகும். மூன்றாவதாக, அணை. பலத்த மழை வந்தால் தாங்காது என்பது 1969-லேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு வெள்ளத்தில் குட்டைகள் ததும்பிக் கழிவு வெளியே போனது.

ஆக, 1978-ல் வந்தது எதிர்பாராத விபத்து இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒத்திகை நடந்து முடிந்திருந்தது.

* * *

மார்ச் 1978.

குட்டைகள் விளிம்பைத் தொட்டுவிட்டன. மழை விடவில்லை. அணை நிற்குமா என்ற சந்தேகம், நிற்காது என்ற பயமாக மாறியது.

முடிவெடுக்கும் பொறுப்பு சான்டா ஆனா வட்டார நீர்த்தர வாரியத்துடையது. அந்தப் பகுதியின் ஆறு, ஏரி, நிலத்தடி நீர் எல்லாவற்றையும் மாசிலிருந்து காக்கவென்றே அமைக்கப்பட்ட அரசு அமைப்பு. அதன் முன் இருந்தவை இரண்டே வழிகள்.

முதல் வழி, சும்மா இருப்பது. அணை நின்றால் பிழைத்தோம். உடைந்தால் அத்தனை குட்டைகளிலும் இருப்பது ஒரே மூச்சில் கீழே பாயும்.

கீழே க்ளென் ஏவன் என்ற ஊர்.

இரண்டாவது வழி, தாங்களே திறந்துவிடுவது. மழைநீரோடு கலந்து நீர்த்துப்போன மேல்மட்டக் கழிவை அளவாக வெளியேற்றினால் அணையின் மீதுள்ள அழுத்தம் குறையும். அந்த நீர் பைரைட் கால்வாய் வழியே இறங்கி ஓடும்.

அந்தக் கால்வாய் போகும் வழியிலும் க்ளென் ஏவன்.

வாரியம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. 8 லட்சம் கேலன் கழிவுநீர் மலையிலிருந்து திறந்துவிடப்பட்டது. 30 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 250 லாரி. அரசுக் கோப்புகளில் இது கட்டுப்படுத்தப்பட்ட வெளியேற்றம் என்று பதிவாகியிருக்கிறது.

வாரியத்தின் முடிவைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரவுகளில் அந்த அதிகாரிகளின் நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் அநேகமாக இதே முடிவைத்தான் எடுத்திருப்பார்கள். அணை உடைந்திருந்தால் கதையே வேறு. திறந்துவிட்டதைக்கூட ஒருவர் நியாயப்படுத்தலாம்.

ஆனால் கீழே இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

* * *

க்ளென் ஏவனைக் கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும்.

நகரமும் இல்லை, முழுக் கிராமமும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் குதிரை கட்டவும் காய்கறி போடவும் இடம் இருக்கும். சொந்தக் கிணறு வைத்திருந்தவர்கள் பலர். ரிவர்சைடிலும் ஃபான்டானாவிலும் வேலைக்குப் போகும் உழைப்பாளிக் குடும்பங்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் நெரிசலும் வாடகையும் வேண்டாம், பிள்ளைகள் மண்ணில் விளையாடி வளரட்டும் என்று வந்து குடியேறியவர்கள். மலைக்கு மேலே ஏதோ குழி இருப்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் நெடி வரும், கண் எரியும். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம்.

மழைக்காலத்தில் பைரைட் கால்வாயில் தண்ணீர் ஓடுவதும் புதிதில்லை. ஊருக்கு நடுவே, வீதியோரமாக, ஆரம்பப் பள்ளியை ஒட்டிப் போகும். மழை நாளில் அது பிள்ளைகளுக்குத் திருவிழா.

அந்த மார்ச் மாதம் ஓடிய தண்ணீரில் ஒரு புதுமை இருந்தது. நுரை.

தெருவோரப் பள்ளங்களிலும் பள்ளியைச் சுற்றித் தேங்கிய குட்டைகளிலும் அது குவியல் குவியலாக மிதந்தது. பிள்ளைகள் விடுவார்களா? இரண்டு கையாலும் அள்ளினார்கள். ஒருவர் மீது ஒருவர் வீசினார்கள். முகவாயில் ஒட்டித் தாடி வைத்துக்கொண்டு கிழவர் வேஷம் போட்டார்கள். நனைந்த காலணியோடும் கால்சட்டையோடும் வீட்டுக்குப் போனார்கள்.

மேலே குழிகளில் என்ன இருந்தது என்ற பட்டியலை இந்த இடத்தில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முலாம் பூசும் பட்டறைகளின் அமிலம். குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்கள். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் ட்ரைகுளோரோஎத்திலீன். டி.டி.டி. தயாரித்த ஆலையின் சல்ஃப்யூரிக் அமிலக் கழிவு. மழைநீரில் நீர்த்துப் போயிருந்தது என்பது உண்மை. எவ்வளவு நீர்த்திருந்தது, எந்தப் பிள்ளையின் கையில் எது பட்டது என்பதை அன்றைக்கு யாரும் அளக்கவில்லை.

தாய்மார்களுக்குத் தெரிய வந்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

* * *

அந்தத் தாய்மார்களில் ஒருவர் பென்னி நியூமன்.

விஞ்ஞானி இல்லை. வழக்கறிஞர் இல்லை. அரசியல் அனுபவமும் கிடையாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் அம்மா. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஓடியாடி வேலை செய்பவர். இந்தத் தொடரின் மீதிப் பாதியில் கவர்னர்களும் அமைச்சர்களும் கம்பெனி வக்கீல்களும் வந்து போவார்கள். கடைசி வரை நிற்கப்போகிறவர் இவர்தான். அதனால் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்தது நமக்குப் பழக்கமான காட்சிதான். ஒருவர் வீட்டு முன்னறையில் நாலு பேர் கூடுகிறார்கள். உன் பிள்ளைக்கு இருமல் எத்தனை நாளாக, என் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, எதிர்வீட்டில் ஓயாத தலைவலி. ஒவ்வொரு வீடும் தன் வீட்டு வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரே மேசைக்கு வருகிறது. இவற்றுக்கும் நுரைக்கும் தொடர்பு உண்டா என்பது வேறு கேள்வி. அதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றத்தில் பார்ப்போம். அந்த முன்னறையில் எழுந்த கோபம் அதைவிட எளிமையானது. எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

அந்தக் கேள்வியோடு அலுவலகப் படியேறியவர்களுக்குக் கிடைத்த பதில்கள் வழக்கமானவை. ஆபத்து இல்லை. நீர்த்துவிட்டது. நிபுணர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

அவர்களோ வாரியக் கூட்டங்களுக்குப் போய் உட்காரத் தொடங்கினார்கள். கோப்புகளைக் கேட்டு வாங்கினார்கள். பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் என்ன, குரோமியத்தில் எது ஆபத்தானது என்று படித்தார்கள். பேச்சோடு முடிந்துவிடாமல் அமைப்பாகவும் திரண்டார்கள். கன்சர்ண்ட் நெய்பர்ஸ் இன் ஆக்‌ஷன் என்று பெயர். அக்கம்பக்கத்தார் சேர்ந்து வைத்த சங்கம்.

இந்த இடத்தில் காலமும் அவர்களுக்குக் கைகொடுத்தது.

1978 ஆகஸ்ட். நுரை வந்து ஐந்து மாதம். அமெரிக்காவின் மறு கோடியில், நயாகரா அருவிக்குப் பக்கத்தில், லவ் கேனல் என்ற குடியிருப்பு நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. ரசாயனக் கழிவைக் கொட்டி மண் மூடிய பழைய கால்வாய். அதன் மேலேயே பள்ளிக்கூடம், பக்கத்தில் வீடுகள். நியூயார்க் மாநில சுகாதாரத் துறை அவசர நிலை அறிவித்தது. சில நாட்களில் ஜனாதிபதி கார்ட்டரும் அறிவித்தார். அங்கும் போராட்டத்தின் முகமாக இருந்தவர் லாயிஸ் கிப்ஸ் என்ற ஒரு தாய்.

மார்ச் மாதத்தில் க்ளென் ஏவன் பெண்கள் பேசியது உள்ளூர்ப் புலம்பலாகக் கேட்டது. ஆகஸ்டுக்குப் பிறகு அதே பேச்சுக்கு நாடே காது கொடுக்கத் தயாரானது.

* * *

சரி, குழிகளை என்ன செய்வது?

இங்கேதான் இந்தக் கதையின் இரண்டாவது பெரிய திருப்பம். மழையும் அணையும் இல்லாததால் பார்க்க நாடகமாக இருக்காது. கூட்ட அரங்கில், வரைபடங்களுக்கு நடுவில் நடந்தது. ஆனால் அடுத்த அரை நூற்றாண்டுக்கான செலவை நிர்ணயித்தது இதுதான்.

ஊர்க்காரர்கள் கேட்டது முழு அகற்றல். திரவம், சேறு, ஊறிப்போன மண் அத்தனையையும் தோண்டி எடுத்துப் பள்ளத்தாக்கைக் காலி செய்யுங்கள்.

அரசு யோசித்தது செலவை. தோண்டத் தோண்ட எவ்வளவு ஆழத்துக்கு ஊறியிருக்கிறது என்பதே தெரியவில்லை. அமிலம் ஊறிய மண்ணைக் கிளறினால் கிளம்பும் ஆவி ஒரு பக்கம். அத்தனையையும் லாரிகளில் ஏற்றி, மறுபடி மக்கள் வாழும் சாலைகள் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். இந்த வாதங்களில் உண்மை இல்லாமல் இல்லை.

கடைசியில் 1980-ல் வாரியம் ஒரு இடைக்காலத் திட்டத்தை ஏற்றது. மேலே தேங்கிய திரவத்தை அகற்றுவது. மிச்சமுள்ள அமில மண்ணோடு சிமென்ட் ஆலைச் சூளைத் தூளைக் கலப்பது. அந்தத் தூள் சுண்ணாம்புத் தன்மை கொண்டது, அமிலத்தின் வேகத்தைத் தணிக்கும். அதற்கு மேல் களிமண்ணால் ஒரு மூடி. மழைநீர் உள்ளே இறங்காமல் ஓரமாகத் திருப்பிவிட வடிகால். கசிவைக் கண்காணிக்கவும் உறிஞ்சி எடுக்கவும் கிணறுகள்.

1975 முதல் 1980 வரையில் அங்கிருந்து அகற்றப்பட்டது சுமார் 65 லட்சம் கேலன் திரவமும், பூச்சிமருந்து கலந்த மண்ணும். கொட்டியது 3.4 கோடி கேலன். மீதியில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிப் போயிருக்கும். ஒரு பகுதி 1969, 1978 வெள்ளங்களோடு போனது. இன்னொரு பகுதி எங்கே போனது என்பதற்கு இப்போது வருகிறேன்.

அதற்கு முன், எடுத்த கழிவு எங்கே போனது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

வெஸ்ட் கொவீனா என்ற ஊரிலிருந்த பி.கே.கே. குப்பை மேட்டுக்கு. லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் க்ளென் ஏவனுக்கும் இடைப்பட்ட ஊர். அபாயகரக் கழிவை ஏற்க அனுமதி பெற்ற இடம். 1984-ல் அந்த மேட்டிலிருந்து வாயு கசிந்து, பக்கத்து வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டி வந்தது. அந்த ஆண்டே அபாயகரக் கழிவுக்கு அதன் கதவு மூடப்பட்டது. அதன்பின் ஸ்டிரிங்ஃபெல்லோ கழிவு காஸ்மாலியா என்ற இன்னொரு கிடங்குக்குத் திரும்பியது. சில ஆண்டுகளில் அதையும் மூடினார்கள். இன்று காஸ்மாலியாவும் மத்திய அரசின் துப்புரவுப் பட்டியலில் இருக்கிறது. ஒரு ஊரின் நஞ்சை எடுத்து இன்னொரு ஊரின் தலையில் வைப்பதற்குப் பெயர் சுத்தம் செய்வது என்றால், அது நடந்தது.

* * *

இப்போது அந்த இன்னொரு பகுதிக்கு வருவோம்.

நுரையை எல்லோரும் பார்த்தார்கள். அதனால்தான் கோபம் வந்தது. ஆனால் க்ளென் ஏவனை நோக்கி அதைவிடப் பெரிய ஒன்று, யார் கண்ணிலும் படாமல், இருபது ஆண்டுகளாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

குட்டைகளின் அடியில் விரிசல் வழியாக இறங்கிய கழிவு, 70 அடி ஆழத்திலிருந்த நீரோட்டத்தைத் தொட்டது. பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர் தெற்கு நோக்கிப் போகிறது. மலையை விட்டு இறங்கி, நெடுஞ்சாலையைக் கடந்து, ஊருக்கு அடியில் போய், கடைசியில் சான்டா ஆனா ஆற்றின் பக்கம் சேர்கிறது. கழிவும் அதே பாதையில் போனது.

எல்லா நஞ்சும் ஒரே வேகத்தில் போவதில்லை. கன உலோகங்களில் பல மண்ணில் ஒட்டிக்கொண்டு பின்தங்கிவிடும். அமிலத்தின் வீரியம் பாறையோடு மோதி மோதிக் குறையும். ட்ரைகுளோரோஎத்திலீன் கொஞ்சம் வேகமாகப் போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடுவது, டி.டி.டி. தயாரிப்பில் உபரியாக உண்டாகும் ஒரு சல்ஃபோனிக் அமிலம். அது நீரில் முழுக்கக் கரைந்துவிடும், மண்ணில் ஒட்டாது, நீர் போகும் வேகத்திலேயே போகும். நீரியல் வல்லுநர்களுக்கு இது ஒரு விதத்தில் வசதி. ஒரு கிணற்றில் அது தென்பட்டால், ஸ்டிரிங்ஃபெல்லோவின் நீர் அங்கே வந்துவிட்டது என்று அடித்துச் சொல்லலாம். மற்றவை பின்னால் வரும்.

மேலே போட்ட களிமண் மூடியால் இதைத் தடுக்க முடியாது. மூடி, மழையைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே பாறைக்குள் இறங்கியதை வெளியே கொண்டுவர ஒரே வழி, கிணறு கிணறாகத் தோண்டி நீரை மேலே இறைத்து, சுத்திகரித்து, மறுபடி இறைத்து, மறுபடி சுத்திகரிப்பது. எத்தனை காலம்? பாறையில் ஊறியது முழுக்க வடியும் வரை.

இதற்குத் தேவைப்படும் பணம் ஒரு வட்டார வாரியத்தின் பட்ஜெட்டில் இல்லை. மாநிலத்திடமே இருந்ததா என்பது சந்தேகம்.

* * *

பணம் வாஷிங்டனிலிருந்து வரும் போலத் தெரிந்தது.

லவ் கேனல் கிளப்பிய கொந்தளிப்பில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டம் இயற்றியது. 1980 டிசம்பர் 11 அன்று, பதவி முடிய ஆறு வாரங்களுக்கும் குறைவாக இருந்த நிலையில், கார்ட்டர் அதில் கையெழுத்திட்டார். சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் சட்டம். ரசாயன, பெட்ரோலிய நிறுவனங்கள் மீது வரி போட்டு ஐந்து ஆண்டுகளில் 160 கோடி டாலர் திரட்டுவது. கைவிடப்பட்ட நச்சுக் குழிகளை அந்தப் பணத்தில் சுத்தம் செய்வது. பிறகு கழிவைக் கொட்டியவர்களிடமிருந்து செலவை வசூலிப்பது. கொட்டிய காலத்தில் அது சட்டப்படி சரியாக இருந்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்ற பிரிவுதான் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

கலிஃபோர்னியா தன் பட்டியலில் முதலிடம் கொடுத்தது ஸ்டிரிங்ஃபெல்லோவுக்கு.

1982 கோடையில் முதல் தவணை தயாரானது. சுமார் 60 லட்சம் டாலர். விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டது. மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அதிகாரிகள் தயார். க்ளென் ஏவனில் பென்னி நியூமனும் மற்றவர்களும் அறிவிப்புக்குக் காத்திருந்தார்கள். நான்கு ஆண்டுகளாகப் படியேறி இறங்கியதற்குப் பலன் கிடைக்கப்போகிறது.

அறிவிப்பு வரவில்லை. பணம் நிறுத்தி வைக்கப்பட்டது.

நிறுத்தியவர் முகமையின் தலைவர் ஆன் கோர்சச். ஜனாதிபதி ரீகன் நியமித்தவர். அவர் தரப்பு சொன்ன காரணம் சட்டப்படி கேட்க நன்றாகவே இருந்தது. தனியார் நிலமென்றால் மாநிலம் செலவில் 10 சதவீதம் தந்தால் போதும். மாநில அரசுக்கே சொந்தமான இடமென்றால் குறைந்தது 50 சதவீதம் தர வேண்டும். ஸ்டிரிங்ஃபெல்லோ குழி இதில் எந்த வகை? பத்திரம் ஒருவர் பெயரில், தேர்வு இன்னொருவருடையது. 1955-ல் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி, 27 ஆண்டுகள் கழித்து வாஷிங்டனில் ஒரு மேசையின் மேல் வந்து உட்கார்ந்தது.

ஆனால் வேறு இரண்டு செய்திகளும் உண்டு.

ஒன்று, அந்த நவம்பரில் செனட் தேர்தல். கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அப்போதைய கவர்னர் ஜெர்ரி பிரவுன். எதிரே ரீகனின் குடியரசுக் கட்சி. தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது 60 லட்சம் டாலர் வந்து இறங்கினால் பாராட்டு யாருக்குப் போகும்?

இரண்டு, முகமையில் சூப்பர்ஃபண்ட் பணத்தைக் கையாளும் பொறுப்பில் இருந்தவர் ரீட்டா லாவெல். அதற்கு முன் அவர் வேலை பார்த்தது ஏரோஜெட் குழுமத்தில். ஸ்டிரிங்ஃபெல்லோ குழிக்குக் கழிவு அனுப்பியவர்களின் பட்டியலில் ஏரோஜெட்டின் பெயரும் இருக்கிறது.

கோர்சச் பணத்தை நிறுத்தியது கணக்குக்காகவா, தேர்தலுக்காகவா? தன் பழைய முதலாளியின் பெயர் பட்டியலில் இருப்பது லாவெலுக்கு எப்போது தெரிந்தது? இந்த இரண்டாவது கேள்விக்கு அவர் சத்தியப் பிரமாணம் எடுத்துச் சொன்ன பதில்தான் அவரைச் சிறைக்கு அனுப்பியது.

அடுத்த வாரம் வாஷிங்டன் போவோம்.

(தொடரும்)